பின்மேஜையின் சாய்வு

நல்ல மேஜையில் யார் வேண்டுமானாலும் விளையாடலாம். பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். ஆடுகிறவர் தன்னைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நான் பழகியது அப்படிப்பட்ட மேஜை இல்லை. அதனால்தான், மேடம், அண்ணியின் கை எப்படி நசுங்கியது என்று நீங்கள் கேட்டபோது, முதலில் மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இரண்டு வரி போதும், விபத்து வழக்கின் கோப்பை மூட வேண்டும் என்றீர்கள். எனக்கு இரண்டு வரியில் எதையும் சொல்ல வராது. ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகம் எப்போதும் உண்டு.

டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த ஹால். கோலால் பந்தை அடித்துப் பாக்கெட்டில் விழவைக்கிற பூல் மேஜைகள் இரண்டு. முன்மேஜை புதிது, ஜன்னலோரம், துணி இன்னும் மினுங்கும். பின்மேஜை கழிப்பறைக் கதவுக்கும் சுவருக்கும் நடுவே கிடக்கிறது. ஹால்காரர் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். பின்மேஜையின் துணியை எப்போது மாற்றினார் என்று அவருக்கே நினைவில்லை. பெண்கள் ஆட வந்தால் பின்மேஜைதான். எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அந்த மேஜையில் பந்தை மெதுவாக உருட்டினால் கடைசி ஒரு சாண் தூரத்தில் கழிப்பறைக் கதவுப் பக்கமாக ஒதுங்கும். "பந்துக்கும் அவசரம் போலிருக்கு" என்பான் அண்ணன். என்னை அந்த ஹாலுக்கு முதலில் கூட்டிப்போனவன் அவன்தான். நான் சிரிப்பேன், ஆனால் ஒதுங்குகிற இடத்தை மனதில் வைத்துக்கொள்வேன். சாய்ந்த மேஜையில் மெதுவாக அடிக்கக் கூடாது. வேகமாகப் போகிற பந்துக்குச் சாய நேரம் கிடைக்காது. மழை நாளில் துணி கனத்துவிடும், ஓரத்து ரப்பர் பந்தை வழக்கத்தைவிடக் குறுக்கித் திருப்பும். பந்தில் அழுக்கேறியிருந்தால் ஒன்றோடு ஒன்று மோதும்போது ஒரு நொடி ஒட்டிக்கொண்டு கோணத்தை மாற்றிவிடும். துடைத்துத் தரச் சொல்லலாம். மாட்டேன் என்றால், அதற்கும் சேர்த்துக் குறி வைக்கலாம். மூலைப் பாக்கெட் ஒன்றின் வாய் இறுகிப்போயிருந்தது. அதை நான் நம்புவதே இல்லை. நடுப் பாக்கெட்டுக்குச் சுற்றிக்கொண்டு வருவேன்.

மற்றவர்கள் ஆட்டத்துக்கு முன் கியூக் கோலின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு மேஜையைத் திட்டுவார்கள். நான் வெள்ளைப் பந்தை நாலு பக்கமும் உருட்டிப் பார்ப்பேன். பகலில் படச் சட்டக் கடையில் வேலை. கட்டையைக் கோணம் பார்த்து அறுப்பது, மூலை சேர்ப்பது. சாயங்காலம் வரைபட வகுப்பு. அளப்பதைத் தவிர எனக்கு வேறு திறமை இல்லை. கை இயல்பாக வராது, எதையும் பத்து தடவை செய்தால்தான் ஒரு தடவை சரியாக வரும். அம்மா சொல்வாள், "எம் பொண்ணு எதையும் கேக்க மாட்டா, எல்லாத்தையும் அனுசரிச்சுப் போயிடுவா." அது புகழ்ச்சியா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. ஆனால் பின்மேஜையில் என்னை ஜெயித்த பெண் யாரும் இல்லை, அண்ணி வரும்வரை.

அண்ணி என்னைவிட ஒரு வயது இளையவள். முறைக்குத்தான் அண்ணி. அவளுடைய அப்பா வேறொரு ஊரில் ஹால் நடத்தியவர், தரமான மேஜைகள். அண்ணன் அவளைச் சந்தித்ததே அங்கேதான். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவளை மாடிக்கு அழைத்துப்போனோம். பின்மேஜையில் ஒரு பந்தை அடித்தாள், அது பாக்கெட் வாசல்வரை போய் ஒதுங்கிக்கொண்டது. அண்ணி கியூவைச் சுவரில் சாய்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ஏண்டி, இது மேஜையா, இல்ல மேடு பள்ளமா கெடக்குற ரோடா?"

"பழகிடும் அண்ணி."

"நான் எதுக்குப் பழகணும்? கோணல் அதுகிட்ட இருக்கு, என்னைய வளையச் சொல்றியா?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் அந்தப் பேச்சை நிறைய யோசித்தேன். அப்படி யோசிக்கவே முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அன்று நான் அவளைச் சுலபமாக ஜெயித்தேன். ஜன்னலோர மேஜை காலியாக இருந்த ஒரு மத்தியானம் ஹால்காரர் கண்ணில் படாமல் அதில் ஆடிப் பார்த்தோம். எனக்கு மூச்சு விட இடம் கொடுக்காமல் அவள் எல்லாப் பந்தையும் போட்டு மேஜையைக் காலி செய்தாள். அவளுக்குக் கணக்கு இல்லை, உருட்டிப் பார்ப்பது இல்லை. குனிவாள், அடிப்பாள், பந்து விழும். இடையில் அண்ணனிடம் பால் வாங்க வேண்டும் என்பதை நினைவுபடுத்துவாள். அண்ணன் என்னிடம், "நீ பரீட்சை எழுதுற மாதிரி ஆடுற, இவ சமைக்கிற மாதிரி ஆடுறா" என்றான். தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் சொன்னது சரியும்கூட. அதற்குப் பிறகு நான் ஆடும்போது அவன் முன்னைப்போல் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. தேநீர் குடிக்கக் கீழே போய்விடுவான்.

பின்மேஜை மட்டும் எனக்கு மிச்சமிருந்தது. ஆனால் அண்ணி வேகமாகக் கற்றுக்கொள்கிறவள். எங்கே வேகமாக அடிப்பது, எந்த ரப்பரை நம்பக் கூடாது என்று என்னிடமே கேட்டாள். நான் மறைக்கவில்லை, கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் அங்கேயும் என்னைத் தோற்கடிக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் மேஜைக்கால் ஒன்றின் அடியில் யாரோ மடித்து வைத்திருந்த அட்டையைக் கவனித்தேன். அதை உருவினேன். சாய்வு சற்றே இடம் மாறியது. நான் உருட்டிப் பார்த்துப் புதிய சாய்வைப் பழகிக்கொண்டேன். அண்ணி பழையதற்கே குறி வைத்துத் தவறவிட்டாள். அதைச் சதி என்று நான் நினைக்கவில்லை. மேஜைகள் மாறத்தான் செய்யும், தரை இறங்கும், மரம் உப்பும். நிலைமைக்கு ஏற்ப ஆடத் தெரிகிறதா என்பதுதானே ஆட்டம். அவள் அதையும் பழகியபோது, இறுகிய பாக்கெட்டின் வாயருகே ஈரத் துணியால் லேசாக ஒற்றினேன். அடுத்த வாரம் வேறொரு காலின் அட்டை. "இந்த மேஜைக்குப் பேய் புடிச்சிருக்குடி, நேத்து ஒரு பக்கம் இழுத்துச்சு, இன்னைக்கு வேற பக்கம் இழுக்குது" என்பாள் அண்ணி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் இதுவே கடைசி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன், தூக்கம் வராது.

பிறகு நகர அணிக்கான தேர்வு அறிவிப்பு வந்தது. பெண்களுக்கு ஒரே ஓர் இடம். ஆட்டங்கள் எங்கள் ஹாலில், பின்மேஜையில். வரப்போகிறவர்களில் அண்ணியையும் என்னையும் தவிர யாருக்கும் பெரிய வாய்ப்பு இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த இடம் எனக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பணம் ஒன்றும் வராது. ஆனால் நான் பிறவியில் வாங்கி வராமல், அளந்து அளந்து நானாகச் சேர்த்துக்கொண்டது அது ஒன்றுதான். அண்ணிக்குக் கை இருந்தது, அண்ணன் இருந்தான், அம்மாகூட இப்போதெல்லாம் அவளிடம்தான் கேட்டுக் கேட்டுச் செய்கிறாள். அவளுக்கு அணி இல்லையென்றாலும் ஒன்றும் குறையாது. இதை நான் எத்தனை முறை கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் இதே விடைதான் வந்தது.

அறிவிப்பு வந்த மறுநாளே அண்ணி ஹால்காரரிடம் போனாள்.

"அண்ணே, முன்மேஜையக் குடுங்க. இல்லன்னா இதைச் சரி பண்ணுங்க."

"ஆளக் கூப்பிட்டா காசு கேப்பான்மா. நாலு பொம்பளைங்க ஆடுற ஆட்டத்துக்கு இது போதாதா?"

"உங்க காசு உங்க பெட்டியிலயே குட்டி போடட்டும். நானே சரி பண்றேன். எங்கப்பாவோட எத்தனை மேஜை நிமித்தியிருக்கேன். தள்ளி நின்னு வேடிக்கை பாப்பீங்களா, இல்ல அதுக்கும் வாடகை உண்டா?"

ஹால்காரர் தலையாட்டினார். மேஜை சமமாகிவிட்டால் அது இன்னொரு நல்ல மேஜை, அவ்வளவுதான். அதில் நான் யார் என்பது எனக்குத் தெரியும்.

அவள் உதவிக்கு அழைத்தது என்னை. வேறு யாரை அழைப்பாள். கடையில் மிஞ்சிய மெல்லிய தகடுகளை நான்தான் வெட்டிக் கொண்டுவந்தேன். சமம் பார்க்கிற ரசமட்டமும் என்னுடையது. மேஜைக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து ஒருவர் நெம்பித் தூக்க வேண்டும். கால் தரையைவிட்டு எழும்பும்போது இன்னொருவர் அதன் அடியில் தகட்டைச் செருக வேண்டும். கீழே டயர் கடைக்காரர், "எதுக்கும்மா கடப்பாரை, ஜாக்கி தரேன், அது நழுவாது" என்றார். அண்ணி அப்போது மாடியில் இருந்தாள். கடப்பாரையே போதும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு படியேறினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்தப் படிகளில் என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன், ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அண்ணியின் அப்பா வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. நெம்புகிறவர் "விடவா?" என்று கேட்க வேண்டும். செருகுகிறவர் கையை வெளியே எடுத்துவிட்டு "விடு" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் கம்பியை இறக்கவே கூடாது. தும்மல் வந்தாலும் கூடாது.

"நல்லாக் கேட்டுக்கோ. பதில் வர்ற வரைக்கும் கம்பிய உன் புருஷன் மாதிரி நெனச்சுக்கோ. என்ன ஆனாலும் விடாத."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே அண்ணி."

"அதான் இப்பவே பழகிக்கோன்றேன்."

மத்தியான வேளை, ஹால் திறக்கவில்லை. ஹால்காரர் எங்களை உள்ளே விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அண்ணி தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். முதல் கால். நான் நெம்பினேன், அவள் செருகினாள். "விடவா?" "விடு." இறக்கினேன். இரண்டாவது கால், அதேபோல. அடுத்ததும் அப்படியே. அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள், அந்த மூன்று முறையும் நான் பிசகாமல் பிடித்தேன் என்று. "உனக்கு இரும்புக் கைடி" என்று பாராட்டவும் செய்தாள். கடைசிக் கால் சுவரோரம் இருக்கிறது.

அந்தக் காலை நெம்பினேன். அவள் தகட்டோடு கையை நீட்டினாள். தகடு ஓரத்தில் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது. விரல்களை உள்ளே விட்டுத் திருப்பினாள். "இருடி, இருடி, கொஞ்சம்…" என்றாள்.

நான் "விடவா?" என்று கேட்கவில்லை. விட்டேன்.

அவள் கத்தவில்லை. மேடம், அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரொம்பச் சின்னக் குரலில், "தூக்குடி" என்றாள். கம்பி வழுக்கிக் கீழே விழுந்ததால் மறுபடி பொருத்த நேரமாயிற்று என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். கம்பி வழுக்கவில்லை. என் கையில்தான் இருந்தது. தூக்குவதற்கு முன் மேஜைமேல் வைத்திருந்த ரசமட்டத்தைப் பார்த்தேன். வேலை நடந்தால் அளந்து பார்ப்பது என் பழக்கம். குமிழ் சரியாக நடுவில் நின்றது. அத்தனை வருடத்தில் அந்த மேஜை சமமாக இருந்து நான் பார்த்தது அப்போதுதான். அதன் பிறகு தூக்கினேன்.

அண்ணன் வந்தான், வண்டி வந்தது, அவளைக் கொண்டுபோனார்கள். வண்டியில் ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். நான் ஹாலைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்னேன். தரையைத் துடைத்தேன். பிறகு வெள்ளைப் பந்தை எடுத்து நாலு பக்கமும் உருட்டிப் பார்த்தேன். மூன்று கால்களில் தகடு, ஒன்றில் இல்லை. சாய்வு முழுக்கப் புதிதாக இருந்தது. சுவர்ப் பக்கம் இழுத்தது. தேர்வு வரை தினமும் போய் அதைப் பழகிக்கொண்டேன். வேறு யாரும் அந்த மேஜைப் பக்கம் வரவில்லை, பாவம் என்று ஒதுங்கிப் போனார்கள்.

தேர்வில் ஜெயித்தேன். நடுவராக வந்தவர், "இப்படி ஒரு மேஜைல இவ்வளவு சுத்தமா ஆடுறதுக்குத் தனி மனசு வேணும்மா" என்றார். அன்று சாயங்காலம் நேராக மருத்துவமனைக்குத்தான் போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி என்னைப் பார்த்தாள்.

"ஜெயிச்சியா?"

"ம்."

"அப்ப ஏண்டி மூஞ்சிய இஞ்சி தின்ன குரங்கு மாதிரி வெச்சிருக்க? எடம் வீட்டுக்குள்ளதான வந்திருக்கு."

நான் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

இப்போது நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். மூன்று முறை சரியாகப் பிடித்தவள் நாலாவது முறை ஏன் விட்டாள் என்று கேட்கிறீர்கள். கை ஓய்ந்துவிட்டது என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். அண்ணியும் உங்களிடம், "கம்பி வழுக்கிடுச்சு, அவ என்ன பண்ணுவா" என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் தவறான தகவலோடு கோப்பை மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் மூன்று கால்களுக்கும் அவள் நீட்டியது இடது கை. அப்போதும் விட்டிருக்கலாம், விட நினைக்கவும் செய்தேன். ஆனால் பூல் ஆட்டத்தில் இடது கை கியூவைத் தாங்கத்தான். அது இல்லாவிட்டால் ஒரு தாங்குக் கட்டையை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். அண்ணி நிச்சயம் சமாளித்துவிடுவாள். சுவரோரக் காலுக்கு மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்து வலது கையைத்தான் நீட்ட முடியும். எனவே அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று காலையிலேயே நான்தான் சொன்னேன். காத்திருந்து செய்தேன். இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதைத் தற்செயல் என்று எழுதினால் என் உழைப்பை நானே மறுத்ததுபோல் ஆகிவிடும்.

ஒன்றைத் தவிர எல்லாம் சொல்லிவிட்டேன். நேற்றுப் போனபோது, அண்ணனிடம் சொல்லி ஒரு பந்தை வரவழைத்து வைத்திருந்தாள். கட்டிலோடு சேர்ந்த சாப்பாட்டுப் பலகையில் அதை இடது கையால் உருட்டிக்கொண்டிருந்தாள். ஓரம்வரை போய், விழாமல் நின்றது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் நின்றது.

"இந்தப் பலகையும் சாயுதுடி" என்றாள். "நானும் உன்னை மாதிரி ஆயிட்டேன் பாரு, உருட்டிப் பாத்துப் பழகிட்டேன். அடுத்த வருஷம் இடது கையில வரேன். எடத்தைத் தொடச்சு வை."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்லா வந்திருக்கு அண்ணி என்று சொன்னேன்.

இன்று சாயங்காலம் அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அண்ணன் நாள் முழுக்க வண்டி ஓட்டப் போய்விடுவான், அம்மாவுக்குக் கண் சரியில்லை. வகுப்புக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். கதவைத் திறந்துவிட, வெந்நீர் தூக்கிக் கொடுக்க, கூடவே இருக்க ஓர் ஆள் வேண்டும். அவளும் என்னைத்தான் கேட்டாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், மேடம், நான் நேரத்தோடு போக வேண்டும். அந்த இடது கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.